மொனராகலை வேப்பிலை

வாடிய வேப்பிலையும் அரைத்த மஞ்சளும் கலந்த அந்தக் கசப்பு வாடை எந்தக் கோயில் வாசலில் மூக்கில் ஏறினாலும் எனக்குச் சாமி நினைவு வருவதில்லை, அக்காதான் வருகிறாள். பதுளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம் இருந்த குளிர் மலையில் வேம்பு வளராது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாருக்காவது அம்மை போட்டால், பதுளைக்கு இறங்கி, அங்கிருந்து மொனராகலை பஸ் ஏறி, அந்த வெயில் சீமையிலிருந்துதான் ஒரு கட்டு வேப்பிலை கொண்டுவர வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மாசி மாதம் அக்கா சாந்திக்கு அம்மை போட்டது. அவளுக்குப் பத்து வயது, எனக்கு எட்டு. அக்கா சரியான வாயாடி. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் "பெரட்டு" நடக்கும்போது கங்காணி இருமி இருமிப் பேர் கூப்பிடுவதை அச்சு அசலாகச் செய்துகாட்டுவாள். ஒருநாள் அதைக் கேட்டுவிட்ட கங்காணியே, "இந்தக் குட்டிக்கிட்ட பெரட்டக் குடுத்துட்டு நான் வீட்டுல படுத்துக்கலாம் போல" என்று சிரித்துக்கொண்டு போனார்.

அம்மை வந்த வீட்டை எங்கள் ஆட்கள் கோயிலாக வைத்துக்கொள்வார்கள். தாளிக்கக் கூடாது, மருந்து கொடுக்கக் கூடாது, பிள்ளை வாசல் தாண்டக் கூடாது. "ஆத்தா வெளையாடிட்டுத் தானா எறங்கிருவா" என்பார்கள். பெரும்பாலும் அப்படியே இறங்கியும் விடுவாள் என்பதுதான் இதில் பொல்லாத விஷயம். அக்காவுக்கும் கொப்புளங்கள் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தன. தலைக்குத் தண்ணீர் ஊற்ற இலை வேண்டும் என்று அப்பா விடிந்ததும் மொனராகலைக்குக் கிளம்பினார். ஒரே அறை வீடான பக்கத்துக் காம்பராவில் இருந்த பேச்சியம்மாவிடம் எங்களை ஒப்படைத்துவிட்டு அம்மா கொழுந்து பறிக்கப் போனாள்.

அவர்கள் போனபின் அக்காவுக்குத் திரும்பவும் காய்ச்சல் கொதித்தது. குடித்த கஞ்சியை வாந்தி எடுத்து, தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கிடந்தவள், பிறகு கண்ணைத் திறந்தபடியே, யாரையும் பார்க்காமல், கட்டைக் குரலில் ஏதேதோ பேசத் தொடங்கினாள். பேச்சியம்மா கற்பூரம் கொளுத்தி, "ஆத்தா பேசுறாடி!" என்று காலில் விழுந்தாள். கொஞ்ச நேரத்தில் காம்பரா நிறைந்துவிட்டது. கொழும்புக்கு வேலைக்குப் போன மகன் எப்போது வருவான் என்று ஒருத்தி குறி கேட்டாள். பிள்ளை தங்குமா என்று இன்னொருத்தி அழுதாள். அக்கா சொன்னதில் எனக்கு விளங்கியது ஒரே ஒரு சொல்: "தண்ணி." உடனே மஞ்சள் தண்ணீர் கரைத்து அவள் காலில் ஊற்றினார்கள். மறுபடியும் "தண்ணி" என்றாள். மறுபடியும் காலில்தான் ஊற்றினார்கள். ஒருவருக்கும் அதை அவள் வாயருகே கொண்டுபோகத் தோன்றவில்லை.

மத்தியானம் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்த அம்மா, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், "சாந்தி, அம்மா வந்திருக்கேன், பாரு" என்றாள். அக்கா யாரோ எவரோ என்று பார்த்தாள். உட்கார வைத்தால் ஒரு பக்கமாகச் சரிந்தாள்.

"சாமி வந்த புள்ள இப்பிடித் தொவண்டு விழாது. எம்புள்ளைக்கு என்னமோ ஆவுது."

"ஆத்தாவ வாசல் தாண்ட விட்டா குடும்பத்துக்கே ஆகாதுடி" என்று பேச்சியம்மா கதவை மறித்தாள்.

"கோவிச்சா என்னயக் கோவிக்கட்டும். வழிய விடுங்க!"

அக்காவைத் தோளில் போட்டுக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு, அம்மா கொழுந்து லொறியை மறித்தாள். பாதி வழியில் அக்காவுக்கு வலிப்பு வந்தது. எங்கள் வழக்கப்படி அம்மா அவள் கையில் சாவியைத் திணித்துப் பொத்திப் பிடித்தாள். பதுளை ஆஸ்பத்திரியில் நர்ஸ்தான் அதை எடுத்துவிட்டு அக்காவை ஒருக்களித்துப் படுக்கவைத்தார்.

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். "இது சாமியும் இல்லை, அம்மா, உங்கட பிழையும் இல்லை. அம்மைக் கிருமியால மூளை பாதிச்சிருக்கு. காய்ச்சல்காரப் பிள்ளை ஆள் தெரியாமல் கதைச்சால், எழுப்ப எழும்பாமல் கிடந்தால், வலிப்பு வந்தால், வீட்டில வைச்சிருக்கக் கூடாது. காலமையே கொண்டு வந்திருந்தால்..." என்றவர் அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மொனராகலை பஸ் சாயங்காலம் அப்பாவைப் பதுளையில்தான் இறக்கிவிட்டது. அக்கா அதே ஊரில் படுத்திருப்பது தெரியாமல் மலையேறிப் போய், விஷயம் கேள்விப்பட்டுத் திரும்ப ஓடிவந்தார். வார்டு வாசலில் அந்த வேப்பிலைக் கட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

அக்கா பிழைத்தாள். ஆனால் வலது கை நடுங்கியது, பேச்சு இழுத்தது. கங்காணி ஒருநாள் பார்க்க வந்து, அவளைச் சிரிக்கவைக்கத் தானே இருமி இருமிப் பேர் கூப்பிட்டுக் காட்டினார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் வெளியே போய் அழுதார்.

இன்று அந்த லயம் இடிந்து புல் மூடிக் கிடக்கிறது. அம்மாவும் அப்பாவும் இல்லை. அம்மை என்றாலும் இப்போது தாய்மார் த்ரீவீலர் பிடித்து டொக்டரிடம் போகிறார்கள். பிள்ளையிடம் குறி கேட்பாரைக் காணோம். பார்க்க நிம்மதியாக இருக்கிறது, பொறாமையாகவும் இருக்கிறது. அக்கா பண்டாரவளையில் என்னோடு இருக்கிறாள். அவள் "தண்ணி" என்றால், பால் பொங்கி வழிந்தாலும் விட்டுவிட்டு நான் தம்ளரோடு ஓடுகிறேன்.

"மெதுவா... வா... புள்ள" என்று இழுத்து இழுத்துச் சொல்லிச் சிரிக்கிறாள். அந்த நாளைப் பற்றி அவளுக்கு ஒன்றுமே ஞாபகமில்லை.