உட்பக்கத்து ஓட்டைகள்

பிரிக்பீல்ட்ஸில் நடந்த கைவினைக் கண்காட்சியில் அப்பாவுக்கு ஒரு மேசை ஒதுக்கியிருந்தார்கள். ஒரு பக்கம் மணி கோக்கும் பெண்கள். மறுபக்கம் களிமண் விளக்கு செய்கிறவர். நடுவில் அப்பா, பாதி பூட்டிய ஒரு காவடியோடு நின்றுகொண்டிருந்தார். மாணவி ஒருத்தி கைப்பேசியை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"அங்கிள், ஒவ்வொரு காவடியும் வேற வேற மாதிரி இருக்கே. ஐடியா எல்லாம் எங்கேர்ந்து வருது?"

இந்தக் கேள்விக்கு அப்பாவிடம் பல வருடமாக ஒரே பதில்தான் இருந்தது. "ஆளப் பாத்துதான்மா" என்பார். அன்று சொல்லவில்லை. மேசையிலிருந்த ஒரு நட்டை எடுத்து விரலில் உருட்டினார். "டீ குடிச்சிட்டு வந்துடுறேன்மா" என்று வெளியே போய்விட்டார். அவள் என்னைப் பார்த்தாள். மயில், முருகன், பக்தி என்று வாயில் வந்ததைச் சொல்லி வைத்தேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

எனக்குப் போதவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா தம்புசாமி கேரி தீவுத் தோட்டத்தில் பிறந்தவர். பள்ளியைப் பாதியில் விட்டுக் கிள்ளானுக்கு வந்து, அலுமினிய ஜன்னல் செய்யும் பட்டறையில் சேர்ந்தார். அங்கே கூட வேலை பார்த்தவர் லோகன் மாமா. ஒரு வருடம் லோகன் மாமா எடுத்த இரும்புக் காவடி அவருடைய தோளைப் புண்ணாக்கிவிட்டது. அடுத்த வருடம் அப்பா பட்டறையில் மிஞ்சிய ஜன்னல் சட்டங்களை அறுத்து அவருக்கு ஒரு காவடி செய்து கொடுத்தார். பார்த்தவர்கள் எல்லாம் கேட்க ஆரம்பித்தார்கள். இப்போது எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக்கூரை போட்ட பட்டறை இருக்கிறது. தீபாவளி முடிந்ததும் ஆட்கள் வரத் தொடங்குவார்கள். பாதிப் பேரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும்.

வருகிறவர்களுக்கு அப்பா படம் எதுவும் காட்டமாட்டார். "அந்த கேட் வரைக்கும் நடந்துட்டு வாங்க" என்பார். அவர்கள் சிரித்துக்கொண்டே நடப்பார்கள். இவர் சிரிக்காமல் பார்ப்பார். வலது தோளில் வீடு வீடாகச் சமையல் கேஸ் தோம்பு சுமந்தே வளைந்துபோனவருக்கு இடப்பக்கச் சட்டத்தைச் சற்று உயர்த்தி வைப்பார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர் ஒருவர் எதையும் நிதானமாகத் திரும்பிப் பார்க்கிறவர். அவர் காவடியின் உச்சியில் அப்பா நீளமான மயிலிறகுகளைத் தளர்வாகக் கட்டினார். அவை அவரைப் போலவே மெதுவாக அசைந்தன. அதிகம் பேசாத ஒருவருக்கு மணியே இல்லாத காவடி. தூக்கிப் பார்த்துவிட்டு அந்த மனிதர் கண் கலங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

காவடியின் பாரம் பாதி தோளிலும் பாதி இடுப்பிலும் இறங்கும். இடுப்பில் ஒரு அலுமினியப் பட்டை வரும். அதிலுள்ள ஓட்டையில் போல்ட் போட்டு முடுக்குவார்கள். அளவெடுப்பது விரதம் தொடங்குவதற்கு முன்னால். தைப்பூசத்துக்குள் ஒரு வேளைச் சாப்பாட்டில் ஆள் இளைத்துவிடுவார். அதனால் எடுத்த அளவுக்கு உட்பக்கமாகச் சில ஓட்டைகள் கூடுதலாகப் போட வேண்டும். எத்தனை என்பதை அப்பா ஆளைப் பார்த்து முடிவு செய்வார். உறுதியானவர் என்று தோன்றினால் நான்கைந்து. சந்தேகம் என்றால் ஒன்றிரண்டு. இது வாடிக்கையாளர்களுக்கும் தெரியும்.

"என்னண்ணே, எனக்கு ரெண்டுதான் போட்டிருக்கீங்க? விரதத்த விட்டுட்டு மாமாக் கடையில ரொட்டியும் கறியும் திங்கப் போயிருவேன்னு நெனச்சிட்டீங்களா?"

"போனாலும் போவ. உன் வயிறு அப்படி, பாஸ்."

பட்டறையே சிரிக்கும். அடுத்த வருடம் அவர் இளைத்து வந்து, "இப்ப போடுங்க பாப்போம்" என்பார். அப்பா போடுவார். யாருக்கும் ஒன்றுகூட இல்லாமல் விட்டதில்லை, அண்ணன் தனேஷைத் தவிர.

அண்ணன் கொள்கலன் லோரி ஓட்டுகிறான். சின்ன வயதில் பட்டறையில் பட்டைகளைப் பிடித்துக்கொண்டு, அப்பா கோடு போட்ட இடத்தில் டிரில் இறக்கியவன் அவன்தான். பிறகு சிநேகிதர்கள், பீர், இரண்டு மூன்று வேலை மாற்றம். ஒருமுறை பால்குடம் எடுக்கிறேன் என்று விரதம் இருந்தான். பாதி விரதத்தில் சாலையோர ஒட்டுக்கடையில் கோழி சாப்பிட்டுக்கொண்டிருந்தவனை அப்பாவே பார்த்துவிட்டார். அவர் திட்டவில்லை. அன்றோடு அவனைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு இருதய அறுவைச் சிகிச்சை நடந்தபோது அண்ணன் மருத்துவமனை நடைபாதையில் நின்று வேண்டிக்கொண்டான். அம்மா பிழைத்து வந்தால் பத்துமலைக்குக் காவடி எடுக்கிறேன் என்று. அம்மா வந்துவிட்டார். அண்ணன் அப்பாவிடம் வந்து நின்றான்.

"ப்பா, எனக்கு நீங்கதான் செய்யணும்."

"ம். கையத் தூக்கு" என்றார் அப்பா, அளவுநாடாவை எடுத்துக்கொண்டே. கேட் வரைக்கும் நடக்கச் சொல்லவில்லை.

விரதம் தொடங்கியதும் அண்ணன் வீட்டைவிட்டுப் போனான். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோயில். அதன் பின்கட்டில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, அங்கிருந்தே வேலைக்குப் போனான். வீட்டில் கவிச்சி புழங்கும், அதனால் என்று அம்மாவிடம் சொன்னான். அப்பா அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

"நம்ம கண்ணு முன்னாடி திங்க முடியாதில்ல? அதான் போயிட்டான்."

"சும்மா இருங்க. அவன் இந்தவாட்டி ஒழுங்கா இருக்கான்" என்றார் அம்மா.

"பாப்போம்."

பட்டையில் ஓட்டை போட்ட நாளில் லோகன் மாமா பக்கத்தில் இருந்திருக்கிறார். பின்னால் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அளவெடுத்த இடத்தில் ஒரே ஒரு ஓட்டை போட்டுவிட்டு அப்பா டிரில்லைக் கீழே வைத்திருக்கிறார்.

"உள்ள போடல?" என்று மாமா கேட்டிருக்கிறார்.

"அவனுக்கு எதுக்கு லா? அவன் இடுப்பு எங்கயும் போகாது."

மாமா சிரித்தாராம். "நானும் சிரிச்சேன்மா" என்றார் என்னிடம். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பூசத்துக்கு முன்னால் எல்லாரையும் பட்டறைக்கு வரவழைத்துக் காவடியைப் போட்டுப் பார்ப்பது அப்பாவின் வழக்கம். அண்ணனுக்கு அந்த வாரம் முழுக்க ஜொகூருக்கு லோரி ஓட்டம். "நேரா பத்துமலை ஆத்தங்கரைக்கு வந்துடுறேன்" என்று சொல்லி அனுப்பினான். அப்பா சரி என்றார். போட்டுப் பார்க்க அவசியம் இருப்பதாக அவர் நினைக்கவில்லை.

ஆற்றங்கரையில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தவனை எனக்கே சட்டென்று அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டியிருந்தது. தோள் எலும்பு தெரிந்தது. அம்மா அவனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அப்பா இடுப்புப் பட்டையைச் சுற்றி, போல்ட்டைப் போட்டு முடுக்கினார். பட்டைக்கும் வயிற்றுக்கும் நடுவே அண்ணனின் கை தாராளமாகப் போய் வந்தது.

அவன் குனிந்து உள்ளே விரலால் தடவினான். அடுத்த ஓட்டையைத் தேடினான். பக்கத்தில் நின்றவரும் அப்பாவின் வாடிக்கையாளர்தான். அவர் பட்டையில் ஓட்டைகள் வரிசையாக இருந்தன. அண்ணன் அதையும் பார்த்தான்.

"எனக்கு மட்டும் மறந்துட்டீங்களாப்பா?"

உறுமி அடித்துக்கொண்டிருந்தது. யாரோ வேல் வேல் என்று கத்தினார்கள். அப்பா ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

லோகன் மாமா டிரில் கேட்டு ஒவ்வொரு கூட்டமாக ஓடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. கடைசியில் அப்பா துண்டுகளை மடித்து இடைவெளியில் திணித்தார். அவர் திணித்த நேரம் முழுக்க அண்ணன் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சமதரையில் துண்டுகள் தாங்கின. மலைப்படிகளில் தாங்கவில்லை. வியர்வையில் நனைந்து ஒவ்வொன்றாக நழுவ, பட்டை இடுப்பெலும்புக்குக் கீழே இறங்கியது. மொத்தப் பாரமும் தோளுக்கு வந்து, காவடி ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. அவன் அப்படியே ஏறினான். பாதிப் படியில் முழங்கால் மடங்கியது. சட்டம் நெஞ்சில் கீறி இரத்தம் வந்தது. காவடியோடு கட்டியிருந்த செம்பிலிருந்த பால் படியில் கொட்டியது. தொண்டர்கள் ஓடி வந்து, "கழட்டிருங்க, போதும் தம்பி" என்றார்கள். அப்பாதான் கழற்றினார். செம்பில் மிச்சமிருந்த பாலை அம்மா எடுத்துக்கொண்டு ஏறினார். அண்ணன் வெறும் தோளோடு பின்னால் போனான்.

அதற்குப் பிறகு அவர்களுக்குள் சண்டை எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அண்ணன் துறைமுகத்துப் பக்கம் ஒரு அறை எடுத்துக்கொண்டான். அப்பா பட்டறையில் இல்லாத நேரமாகப் பார்த்து அம்மாவைப் பார்க்க வருவான். அப்பா கூப்பிட்டால் கைப்பேசியை எடுப்பான். "வேலையில இருக்கேன்ப்பா" என்பான். மரியாதையாகத்தான் சொல்வான்.

ஒரு சனிக்கிழமை நான் பட்டறைக்குள் போனபோது சுவரில் ஒரு பட்டை தொங்கியது. அண்ணனின் அளவு. உட்பக்கம் முழுக்க ஓட்டை. நெருக்கமாக, பிட்டு வேகவைக்கும் தட்டைப் போல. அவ்வளவு ஓட்டை போட்டால் அலுமினியம் பாரம் தாங்காது என்று அப்பாவுக்குத் தெரியாதா?

"இது எதுக்குப்பா?"

"சும்மாதான்." பட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மறந்துட்டேன்னு சொல்லியிருக்கலாம் இல்ல புனி? அவன்தான் எடுத்துக் குடுத்தானே. ஆமான்னு மட்டும் சொல்லியிருந்தா போதும்" என்றார்.

பல்கலைக்கழகத்தில் முதல் பருவத்தில் இரண்டு பாடங்களில் தோற்றுவிட்டு வந்து அழுதபோது, "அடுத்தவாட்டி வந்துரும், போய்ப் படு" என்று சொன்னவர் இவர். ஏன் தோற்றாய் என்றுகூடக் கேட்கவில்லை. எனக்கு எப்போதும் உட்பக்கத்தில் ஓட்டைகள் இருந்திருக்கின்றன. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று என் படத்தைக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது ஒரு கேள்வி வருகிறது. என்னைப் பார்த்த கண்ணும் அவனைப் பார்த்த கண்ணும் ஒன்றுதானே? நான் தேறுவேன் என்று நம்பியதும் அவன் தேறமாட்டான் என்று நம்பியதும் ஒரே நம்பிக்கையின் இரண்டு பக்கமா?

இந்த வருடம் அண்ணன் மறுபடியும் காவடி எடுக்கிறான் என்று அம்மா சொன்னார். வேண்டுதல் இன்னும் நிறைவேறவில்லை என்பது அவன் கணக்கு. காவடி செய்வது காப்பாரில் இருக்கும் ராதாகிருஷ்ணன். அதை அப்பாவிடம் சொல்லும் வேலை எனக்கு வந்தது. அவர் மயிலிறகுகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்.

"நல்ல ஆளு. கொஞ்சம் கனமா செய்வாரு" என்றார். ஒரே இறகை நெடுநேரம் கையில் வைத்திருந்தார்.

பூசத்தன்று ஆற்றங்கரைக்கு அவரும் வந்தார். அவருடைய சட்டைப்பையில் ஸ்பேனர் துருத்திக்கொண்டிருந்தது. ராதாகிருஷ்ணன் அவரைக் கண்டதும் எழுந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, வாங்க வாங்க. உங்க பையன் எங்கிட்ட வந்தப்ப ஆச்சரியமா போச்சு. அளவெடுக்கிறப்ப சொல்றான், உள்ள ஓட்டை போடுங்க மாமா, மறந்துறாதீங்கன்னு. நான் சிரிச்சிட்டேன். தம்பி, நான் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் போடுவேன், இளைக்கிறவன் இளைக்கட்டும்னேன்."

"எல்லாருக்குமா?" என்று கேட்டார் அப்பா.

"ஆமாண்ணே. நமக்கு எப்படித் தெரியும், யாரு எப்படி இருப்பான்னு?"

அப்பா தலையை ஆட்டினார். அண்ணன் குளித்துவிட்டு வந்தான். போன வருடத்தைவிட மெலிந்திருந்தான். ராதாகிருஷ்ணன் பட்டையைச் சுற்றி, கடைசிக்கு முந்தின ஓட்டையில் போல்ட்டைப் போட்டார். அப்பா ஒரு அடி முன்னால் வந்தார். பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துவிட்டார்.

"முடிஞ்சிடுச்சிப்பா" என்றான் அண்ணன். குரலில் கோபம் இல்லை. ராதாகிருஷ்ணன் அதற்குள் முடுக்கிவிட்டிருந்தார்.

அண்ணன் கரையில் கழற்றி வைத்திருந்த சிலிப்பரைக் காலால் தள்ளினான். "இதக் கொஞ்சம் பாத்துக்கிறீங்களா? போனவாட்டி காணாம போச்சு."

அப்பா குனிந்து எடுத்துக்கொண்டார். ஒரு கையில் சிலிப்பர், மறுகையில் ஸ்பேனர். அப்படியே கூட்டத்தின் பின்னால் நடந்தார். முன்னால் காவடி ஆடாமல் போய்க்கொண்டிருந்தது. சற்றுக் கனம்தான், ஆனாலும் நேராகப் போனது. படிக்கட்டின் அடியில் நாங்கள் ஏறத் தொடங்கியபோது அப்பா நின்றுவிட்டார்.

"வாங்க, மேல போலாம்" என்றார் அம்மா.

"செருப்ப எப்படி மேல கொண்டு வர்றது? நீங்க போங்க."

"அத ஓரமா வச்சிட்டு வாங்களேன்."

"பாத்துக்கச் சொன்னான் லா" என்றார் அப்பா.

பாதிப் படியில் நான் திரும்பிப் பார்த்தேன். கூட்டம் அவரை இடித்துக்கொண்டு போனது. அவர் சிலிப்பரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றார். அண்ணன் எங்களுக்கு வெகு மேலே போய்விட்டிருந்தான். அங்கிருந்து அவருக்கு இறகுகளின் நுனி மட்டும்தான் தெரிந்திருக்கும்.