மூடாத இடது காது

டென்மார்க்காரன் புல்லு வெட்ட வெளிக்கிட்டாலும் முதலில் காதை மூடிக்கொள்வான். வந்த புதிதில் எனக்கு இது பெரிய பகிடியாக இருந்தது. இரண்டு கிண்ணத்தைக் கம்பியில் கொழுவியதுபோல ஒரு சாமான். தொழிற்சாலையில் முதல் நாளே சப்பாத்துக்கு முன்னர் அதைத்தான் கையில் தந்தார்கள். பத்து நிமிட வேலைக்கும் போட வேண்டும், போடாவிட்டால் பேச்சு விழும். எங்கள் வன்னிப் பக்கத்திலோ காதை மூடினவன் பிழைத்ததில்லை. ஷெல் குத்துகிற சத்தம் தூரத்தில் கேட்டால், அது வந்து விழுவதற்குள் பங்கருக்குள் பாய வேண்டும். “சாப்பிடேக்கையும் காதைக் குடுத்துக்கொண்டுதான் இருக்கிறம் அண்ணை” என்று என் தங்கச்சி சுகந்தி ஒருமுறை போனில் சொன்னாள். பிள்ளைகள் இரண்டும் சத்தத்தை வைத்தே எந்தப் பக்கம் விழும் என்று சொல்லுவார்களாம். அதைச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

நாங்கள் இருப்பது எஸ்பியர்க்கிலிருந்து அரை மணித்தியாலம் உள்ளே, ஜன்னல் செய்யும் தொழிற்சாலை ஒன்றை நம்பியிருக்கிற சின்ன ஊர். பக்கத்து வீட்டுக்காரர் ஹோல்கர், பால் பண்ணையில் இளைப்பாறியவர். இங்கே காட்டில் பெரிய மரங்களைத் தறித்து ஏற்றிய பிறகு, மிஞ்சிய கிளைகளையும் நுனிகளையும் காட்டதிகாரி ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்துக் கொடுப்பார். நாமே அறுத்து, நாமே இழுத்து வரவேண்டும். ஹோல்கரிடம் நாலு சில்லு வண்டி ஒன்று இருந்தது, ஏ.ரி.வி என்பார்கள். சேறு, பள்ளம், மரவேர் எதையும் பாராமல் ஏறும். பின்னால் சின்ன ரெயிலர். அவர் அறுப்பார், நான் ஏற்றிக்கொண்டுபோய் ரோட்டோரம் இறக்குவேன், விறகில் பாதி எனக்கு. வருடா வருடம் இதுதான் ஒழுங்கு. டெனிஷ் சரியாக வராத எனக்கும் தமிழ் தெரியாத அவருக்கும் நடுவில் கதை அதிகம் தேவைப்படவில்லை. இரண்டு பேரும் காதை மூடியிருப்போம்.

போர் முடிந்த அந்த வைகாசியில் சுகந்தியும் புருசனும் பிள்ளைகளும் கடைசிக் கடற்கரைத் துண்டுக்குள் நின்றார்கள். புதன்கிழமை யாரோ ஒருவருடைய சற்றலைற் போனைக் கெஞ்சி வாங்கி எடுத்தாள். என் கைபேசி இலக்கம் ஒன்றுதான் அவளுக்கு மனப்பாடம்.

“அண்ணை, ஏலுமெண்டால் சனிக்கிழமை பகல் எடுக்கிறன். போனைக் கிட்ட வைச்சிருங்கோ.”

அவ்வளவுதான். தொடர்பு அறுந்துவிட்டது. அங்கே பகல் என்றால் இங்கே காலை.

அந்தச் சனிக்கிழமைதான் காட்டில் எங்களுக்குக் கடைசி நாள். பறவைகள் குஞ்சு பொரிக்கிற காலமென்று ஞாயிறு முதல் காட்டுப் பாதையின் படலையைப் பூட்டிவிடுவார்கள். ஹோல்கருக்கு இடுப்பு ஏலாது, வாக்கும் கொடுத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், வாக்குக்காக மட்டும் நான் போகவில்லை. நாலு நாளாக ரீவிக்கு முன்னால் இருந்து எனக்கு விசர் பிடித்திருந்தது. எதையாவது தூக்கி எறியவேண்டும்போல இருந்தது. மனைவி வசந்தி வாசலில் மறித்தாள். “போனை என்னட்டைத் தந்திட்டுப் போங்கோப்பா. அவள் எடுத்தால் நான் கதைக்கிறன்” என்றாள். எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. என் தங்கச்சி, அவளுடன் நான்தான் கதைப்பேன், உமக்கென்ன என்று கேட்டுவிட்டு, போனை ஜக்கெற் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு போனேன். அந்தச் சொல்லை இன்றைக்கு நினைத்தாலும் என் வாயில் நானே அடிக்கவேண்டும்போல இருக்கிறது.

காலையில் ஒவ்வொரு தடவை ரெயிலரை நிரப்பியதும் போனை எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது நடையில் வெயில் ஏறிவிட்டது. ஜக்கெற்றைக் கழற்றி ஒரு பீச் மரக்கிளையில் கொழுவினேன். பாரமான கட்டைகள், ஈரம் வற்றாதவை. ஏற்றினேன், ரோட்டுக்கு ஓட்டினேன், இறக்கினேன், திரும்பி வந்தேன். காதுமூடிக்குள் என் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு நிம்மதியாக இருந்தது. வன்னியும் இல்லை, கடற்கரையும் இல்லை, விறகு மட்டும்தான். ஒன்பதரைக்கு ஹோல்கர் மரமறுக்கிற மெசின் வாளை நிற்பாட்டி, கோப்பி என்று கையைக் காட்டினார். காதுமூடியைக் கழற்றிக்கொண்டு ஜக்கெற்றை எடுத்தேன்.

தவறிய அழைப்புகள் மூன்று. மூன்றும் அதே நீளமான சற்றலைற் இலக்கம். முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் பதினொரு நிமிடம். ஷெல் மழைக்குள், பங்கருக்கு வெளியே, வேறொருவரின் போனைப் பிடித்துக்கொண்டு அவள் எனக்காகப் பதினொரு நிமிடம் நின்றிருக்கிறாள். திருப்பி எடுத்தேன். இலக்கம் பாவனையில் இல்லை என்று ஒரு பெண் மெசின் குரலில் சொன்னாள். விரல் நோகும்வரை எடுத்தேன், அவள் அலுக்காமல் அதையே சொன்னாள்.

நான் சேற்றிலேயே இருந்துவிட்டேன். ஹோல்கர் கோப்பியோடு வந்து, போனைப் பார்த்து, வேலையிடத்திலிருந்தா என்று கேட்டார். எந்தச் சொல்லை வைத்து அந்த மனிதருக்கு விளங்கப்படுத்துவது? யா என்றேன். அவருக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது.

“சனிக்கிழமை உன்னுடைய நாள், சிவா. அவர்கள் திங்கட்கிழமை வரைக்கும் பொறுக்கட்டும்” என்றார்.

திங்கட்கிழமை போர் முடிந்துவிட்டது என்று ரீவியில் சொன்னார்கள்.

அதற்கு முன்னர், அந்தச் சனிக்கிழமை மிச்சமிருந்த இரண்டு நடையையும் நான் இழுத்து முடித்தேன். என்ன மனிசன் நான் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் தெரியாது. காதுமூடியைக் கழுத்தில் போட்டு, போனை நெஞ்சோடு பிடித்து, ஒரு கையால் ஓட்டினேன். அது அடிக்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது வசந்தி வாசலிலேயே நின்றாள்.

“எடுத்தவளோ?”

“இல்லை” என்றேன்.

திங்கட்கிழமை பின்னேரம் ஹோல்கர் கதவைத் தட்டினார். கையில் கேக். செய்தி பார்த்திருக்கிறார். “ரில்லுக்கே” என்று என் கையைக் குலுக்கினார், வாழ்த்துகள் என்று அர்த்தம். இந்த நாட்டில் ஜேர்மன்காரன் வெளியேறிய நினைவுக்கு மே மாதத்தில் ஒரு மாலை ஜன்னலில் மெழுகுதிரி ஏற்றுவார்கள். அன்று தானொரு சின்னப் பெடியன், ஊரே ரோட்டில் நின்று கட்டிப்பிடித்து அழுதது என்று ஹோல்கர் ஒவ்வொரு வருடமும் சொல்லுவார். போர் முடிவென்றால் அவருக்கு அதுதான். அன்று எங்களுக்காகத் தன் ஜன்னலில் மறுபடியும் இரண்டு மெழுகுதிரி ஏற்றி வைத்திருந்தார். எங்கள் குசினி ஜன்னலுக்கு நேரே எரிந்தன. வசந்தி திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுச் சத்தம் போட்டு அழுதாள். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபிக்கக்கூட ஆளில்லாமல் போய்விட்டதே என்றுதான் இருந்தது.

முகாம்களில் தேடினோம், பட்டியல்களில் தேடினோம். நால்வரில் ஒருவரின் பெயரும் இல்லை. மூன்று வருடம் கழித்து வசந்தி ஐயரிடம் போனாள். திவசத்துக்குத் திதி வேண்டும், திதிக்கு நாள் வேண்டும். அவளே கணக்குப் பார்த்தாள்: “சனிக்கிழமை எடுக்கிறன் எண்டு சொன்னவள். உயிரோட இருந்திருந்தால் எப்பிடியும் எடுத்திருப்பாள். அப்ப வெள்ளிக்கிழமையே முடிஞ்சிருக்கும்.” ஐயரும் தலையாட்டினார், வெள்ளிக்கிழமைத் திதியே நிலைத்துவிட்டது. செய்வதற்கு என்னை விட்டால் வேறு ஆளில்லை. வருடா வருடம் குந்தியிருந்து எள்ளும் தண்ணீரும் இறைக்கிறேன். சனிக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டவளுக்கு வெள்ளிக்கிழமை செத்தாள் என்று திவசம் கொடுக்கிறேன். பிழையான திதியில் வைக்கிற பிண்டம் யாருக்குப் போய்ச் சேரும்? ஐயரிடம் கேட்கலாம். கேட்டால் வசந்திக்குத் தெரிந்துவிடும்.

ஹோல்கர் இப்போது கதிரையை விட்டு எழும்புவதில்லை. வண்டியை என்னிடமே தந்துவிட்டார். அவருடைய விறகையும் நான்தான் இழுத்து வருகிறேன். அந்த வைகாசிக்குப் பிறகு நான் இடது காதை மூடியதில்லை. வலப்பக்கக் கிண்ணம் காதில் இருக்கும், இடப்பக்கத்தை நெற்றிக்கு மேலே தள்ளிவிடுவேன். போன் இடப்பக்கப் பொக்கற்றில். அதே இலக்கம். போன் வந்தால் கையில் அதிர்கிற மணிக்கூடு ஒன்றை மகள் வாங்கித் தந்து, இனியாவது மூடுங்கோ என்று டெனிஷில் ஏசினாள். மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டேன், காதை மூடவில்லை.

போன மாதம் காது டொக்டரிடம் போனேன். வலது காது நல்லம். இடது காது வாளுக்கும் எஞ்சினுக்கும் அரைவாசிக்கு மேல் போய்விட்டதாம். ஏன் ஒரு பக்கம் மட்டும் மூடுகிறாய் என்று அந்த டொக்டர் பெண் கேட்டாள். காட்டின் சத்தம் கேட்க விருப்பம் என்றேன். அவளுக்குச் சரியான சந்தோசம். பறவைகள்தானே, எனக்கும் பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டே எழுதிக்கொண்டாள்.

நேற்று முற்றத்தில் ரெயிலரிலிருந்து விறகை இறக்கிக்கொண்டிருந்தேன். மணிக்கூட்டைக் கழற்றி வைத்திருந்தேன், எஞ்சினும் நிற்பாட்டியிருந்தது. வலப்பக்கக் கிண்ணம் மட்டும் வழக்கம்போலக் காதிலேயே கிடந்தது. அமைதியான பின்னேரம். வசந்தி வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்து என் தோளைப் பிடித்து உலுப்பினாள்.

“போன் அடிச்சுக்கொண்டே கிடக்குதப்பா. உங்கட பொக்கற்றுக்குள்ளதானே, கேக்கேல்லையோ?”