நோய் கண்ட ஈயம்

கல்யாணமாகிப் பம்பாய் மாட்டுங்காவுக்கு வந்தபோது என் சீரில் எனக்குப் பிடித்த சாமான் ஈயச் சொம்புதான். வெள்ளீயத்தில் செய்தது. அதில் ரசம் வைத்தால் மாடிப்படி வரை மணக்கும். என் கணவர் பங்குக்குக் கொண்டுவந்தது ஒரு கண்ணாடிக் குழாய். சுண்டுவிரல் நீளம், இரண்டு முனையையும் உருக்கி மூடியிருந்தது. உள்ளே ஒரு சிட்டிகைப் பொடி.

அவர் யுத்தத்துக்கு முன்னால் ஹாலந்தில் ரசாயனம் படித்தவர். அங்கே அவருடைய பேராசிரியர், ஈயம் ஏன் பொடிகிறது என்று வருஷக்கணக்கில் ஆராய்ந்த மனிதர். கடுங்குளிரில் வெள்ளீயம் சாம்பல் பூத்து, உப்பி, உதிர்ந்துபோகுமாம். அப்படி நோய் கண்ட துணுக்கு ஒன்று நல்ல ஈயத்தைத் தொட்டால் அதற்கும் பரவுமாம். இவர் ஊருக்குக் கிளம்பியபோது அவர் தம் கையால் கொடுத்த பொடி அது.

"தொத்து வியாதியையா ஆத்துல கொண்டுவந்து வெச்சிருக்கேள்?"

"இந்த ஊர்ப் புழுக்கத்துல அது எப்பவோ சொஸ்தமாயிடுத்து. பம்பாய்க் குளிர் அதுக்குப் போறாது."

"சொஸ்தமாச்சுன்னா ஏன் இன்னும் பொடியாவே இருக்கு?"

"நிறம் திரும்பும். உதிர்ந்தது ஒட்டாது. உருக்கினாத்தான் உண்டு."

நான் சமாதானமாகவில்லை. குழாயைக் கூடத்து டிரங்குப் பெட்டியில் அடியில் போட்டேன். சொம்பைச் சமையலறையில் மேல் பலகையில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் குழாயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

ஜெர்மன்காரர்கள் ஹாலந்தைப் பிடித்தார்கள். பேராசிரியர் யூதர். அங்கிருந்து வரும் ரசாயனப் பத்திரிகைகள் நின்றுபோயின. துறைமுகத்தில் டச்சுக் கப்பல் வந்திருக்கிறது என்று காதில் விழுந்தால், பெயிண்ட் கம்பெனி லேபுக்கு லீவு சொல்லிவிட்டு இவர் ஓடுவார். மாலுமிகளுக்கு ஒன்றும் தெரியாது. "வயசானவர், லோகமே கொண்டாடினவர். அவரை என்ன பண்ணிடுவா?" என்று என்னிடம் கேட்பார். ஒன்றும் பண்ண மாட்டார்கள் என்று நானும் சொல்லிவைப்பேன். உண்மையில் எனக்கு எரிச்சல்தான். ரேஷன் அரிசியில் கல் பொறுக்கி நான் சோறு வடித்தால், நான் கண்ணால் காணாத ஒருவருக்காக இந்த மனுஷர் கையை இலையில் வைத்தபடி உட்கார்ந்திருப்பார். அந்தக் கிழவர் செத்தாரா பிழைத்தாரா என்று தெரிந்துவிட்டால் தேவலை என்றுகூட நினைத்திருக்கிறேன்.

யுத்தம் முடிந்தபின் ஒரு நாள் அது தெரிந்தது. நான் தூரமாயிருந்தேன். அந்த மூன்று நாளும் எனக்குக் கூடத்து மூலை, தனிப் பாய், தனித் தட்டு, தனி டம்ளர். சமையலறை வாசற்படியைத் தாண்டக் கூடாது. சமையல் அவர்தான். அன்று சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்தவர் என் பக்கம் திரும்பாமல் கால் அலம்பிக்கொண்டு நேரே உள்ளே போனார். டிரங்குப் பெட்டி திறந்து கிடந்தது. போகிற போக்கில் குழாயை எடுத்திருக்கிறார்.

ஈயச் சொம்பில் முதலில் ஜலம், அப்புறம்தான் அடுப்பு. எங்கள் வீடுகளில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அவர் வெறும் சொம்பைக் கரியடுப்பில் வைத்துவிட்டு நின்றார்.

"ஏன்னா, ஜலம் விட்டேளா?"

சொம்பின் ஒரு பக்கம் சரிந்தது. அடி இளகி, பளபளவென்று கங்குக்குள் ஒழுகியது. எது எந்தச் சூட்டில் உருகும் என்று பாடம் படித்தவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். வேஷ்டி நுனி அடுப்பருகே ஆடிக்கொண்டிருந்தது.

நான் படியைத் தாண்டினேன். அவர் கையைப் பிடித்து இழுத்தேன். கை ஜில்லென்று இருந்தது. உள்ளங்கையில் குழாய்.

"ஹாலந்துப் பத்திரிகை திரும்ப வந்துடுத்து," என்றார். "அவரை முகாமுக்கு இழுத்துண்டு போயிருக்கா. அங்கேயே கொன்னுட்டா."

குழாயைப் பார்த்தபடியே மேலே சொன்னார். "இவாளைத் தொட்டா தோஷம், தள்ளி வைன்னுதானே எல்லாம் ஆரம்பிச்சது."

சொன்ன பிறகுதான் தன் மணிக்கட்டைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்று பார்த்தார். நான் எங்கே நிற்கிறேன் என்றும் பார்த்தார். நான் கையை எடுக்கவில்லை. அவரும் எடுக்கச் சொல்லவில்லை. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் நான் மூலையில் உட்கார்ந்ததில்லை.

மறுநாள் சாம்பலைச் சலித்து ஈய மணிகளைப் பொறுக்கினோம். அவர் குழாயை உடைத்துப் பொடியையும் அவற்றோடு இரும்புக் கரண்டியில் போட்டுச் சூடு காட்டினார். எல்லாம் ஒன்றாகிவிட்டது. எது என் சீர், எது அவருடைய பேராசிரியர் கொடுத்தது என்று பிரிக்க முடியாது. மாட்டுங்கா பாத்திரக்கடைக்காரர் அந்தக் கட்டியை ஊருக்கு அனுப்பிச் சொம்பாக வார்த்து வரவழைத்தார். வேறு ஈயம் சேர்க்கக் கூடாது என்று இவர் பிடிவாதம் பிடித்ததால் சொம்பு முன்னைவிடச் சிறியதாக வந்தது. முதல் நாள் ரசத்தைக் கையில் ஊற்றிக்கொண்டு வெகுநேரம் குடிக்காமல் இருந்தார்.

அவர் போய்விட்டார். நான் செம்பூரில் பிள்ளை வீட்டில் இருக்கிறேன். சொம்பும் என்னோடு வந்துவிட்டது. பம்பாய்க் குளிர் போதாது என்றார்; வீட்டுக்குள்ளேயே ஃப்ரிட்ஜ் வரும் என்று அவர் நினைக்கவில்லை. மருமகள் மீந்த ரசத்தைச் சொம்போடு அதில் வைத்துவிடுகிறாள். அவள் அந்தண்டை போனதும் எடுத்து மேடையில் வைக்கிறேன். ஈரத்தைத் துடைத்து, எங்காவது சாம்பல் பூத்திருக்கிறதா என்று விரலால் அடி முழுவதும் தடவிப் பார்க்கிறேன்.

"வெளியில வெச்சா கெட்டுப்போயிடும்மா," என்கிறாள்.

"ரசம்தானே," என்கிறேன். "போனாப் போறது."