பாத்ரூம் வழியே ஒரு கால்வாய்

சர்வேயர் வந்திருக்கிறார் என்றால் ஊரில் யாரும் டீ தர மாட்டார்கள். டேப் பிடித்துக் கை காய்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு வாய்த்தது திருமலைராயன்பட்டினத்தில் ஒரு பழைய கால்வாய். பிரெஞ்சுக்காரன் காலத்தில் உப்புத் தோணி போக வெட்டியதாம். லாரி வந்ததும் தோணி போயிற்று. பிறகு தண்ணீரும் போய், அந்த இடத்தில் வீடுகள் வந்துவிட்டன. எல்லைக்கல் மூன்றையும் கண்டுபிடித்தால்தான் தூர்வார முடியும்.

மனு இல்லாத மனுஷன்

அவசரம் சவரிமுத்துவுக்கு. கால்வாய் அடைபட்டதால் ஐப்பசி மழையில் அவருடைய சம்பா நடவு மூழ்கிவிடும். இரண்டு வருஷமாக அறுப்பே இல்லை, பாவம். மழைக்கு ஒரு மாதம் இருக்கும்போது மனு எதுவும் எழுதாமல் தினமும் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். ஒருநாள் எரிச்சலில், கால்வாய் எங்கே இருந்தது என்று நீங்களே சொல்லுங்களேன் என்றேன்.

"அது தண்ணிக்கே தெரியல சார். என் வயல்ல வந்து நின்னு விசாரிக்குது."

முதல் கல்

ஒரு கொல்லையில் அம்மாள் ஒருத்தி துணி அடித்துக்கொண்டிருந்த கல்லில் ஒன்று என்ற எண் தெரிந்தது. இது அரசாங்கக் கல் என்று அதிகாரமாகச் சொன்னேன்.

"அப்ப அரசாங்கத் துணியையும் கொண்டாங்க, அலசித் தர்றேன்."

இரண்டாவது கல்

இது டீக்கடை பெஞ்சுக்கு முட்டுக்கொடுத்திருந்தது. கால்வாய் பக்கத்து வீட்டுக்கு அடியில் போகிறது என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். பக்கத்து வீட்டுக்காரரோ கடைக்கு அடியில்தான் என்றார். அளக்கும்போது கூடமாட உதவும் என் செயின்மேன் கோவிந்தராசு இருவரையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"கணக்குப்படி, கால்வா செவுத்துக்குள்ள போவுது சார்."

மூன்றாவது கல்

இரண்டு கல்லையும் வைத்துக் கோடு போட்டு, டேப்பையே பார்த்துக்கொண்டு நடந்தேன். நிமிர்ந்தால் எங்கள் வீட்டு கேட். ஊரையெல்லாம் அளந்தவன், கிரகப்பிரவேச முகூர்த்தம் தவறக்கூடாது என்ற அவசரத்தில் இதை மட்டும் அளக்காமல் வாங்கியிருந்தேன். மூன்றாவது கல், பாத்ரூம் வாசலில் படியாகக் கிடந்தது.

கோட்டை நாலடி தள்ளிப் போட்டால் யாருக்குத் தெரியும்? நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று கூடவே வந்த சவரிமுத்து டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் மனைவி அவருக்கு டீ வேறு கொடுத்துவிட்டாள். வெட்கமாகப் போயிற்று. கோவிந்தராசுவிடம் பிரஷ்ஷை வாங்கி, இடிக்க வேண்டியது என்று பாத்ரூம் சுவரில் நானே சிவப்பு அடித்தேன். மனைவி பார்த்துக்கொண்டே நின்றாள்.

"வாங்குறப்ப அளக்கலை. இப்ப மட்டும் ரொம்ப நேரா அளக்குறீங்க."

அந்த வருஷம் சவரிமுத்து சம்பா அறுத்தார், நாங்கள் குளிப்பதற்கு மாமனார் வீட்டுக்குப் போய்வந்தோம்.