முதலாளியை விசாரிக்கிறவள்

"நீ ஏன் அந்த வேலைய விட்ட? சும்மா சொல்லு, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று துரீத் போனில் கத்திக்கொண்டிருக்கிறாள். படகுத்துறையில் காத்து நிற்கும் கார்களில் பாதிக்காவது அது கேட்டிருக்கும். மறுமுனையில் பேசுகிறவளை அவளுக்கு முன்பின் தெரியாது. எங்காவது ஆள் தேவை என்று விளம்பரம் வந்தால் போதும், அங்கிருந்து கடைசியாக ஓடியவர் யார் என்று தேடிப் பிடித்துவிடுவாள்.

எங்கள் தீவில் வேலைக்கு மனுப் போட்டால் பழைய முதலாளியின் எண்ணையும் கொடுக்க வேண்டும். புது முதலாளி அவரைக் கூப்பிட்டு நம் குணத்தை விசாரிப்பார். "அவன் என்னைப் பத்திக் கேக்கலாம், நான் அவனைப் பத்திக் கேக்கக் கூடாதா?" என்பது துரீத்தின் கட்சி.

துரீத் சமையல்காரி. ஐம்பதைத் தாண்டியாயிற்று. எப்போதும் சிவப்பு மழைக்கோட்டு, உடம்புக்குப் பொருந்தாத பெரிய தொண்டை. விளம்பரத்தில் 'நாங்கள் ஒரே குடும்பம்' என்று கண்டால் மேற்கொண்டு படிக்க மாட்டாள். "என் குடும்பத்தையே ரெண்டு நாளைக்கு மேல என்னால தாங்க முடியல. இவன் குடும்பம் எனக்கு எதுக்கு?"

ஊரையெல்லாம் விசாரிக்கிறவள் தன் விஷயத்தில்தான் கோட்டை விடுவாள். போன வருடம் அவளை வேலையை விட்டு அனுப்பினாரே சாப்பாட்டுக்கடை ஒட்வார், அவருடைய எண்ணைத்தான் எல்லா மனுவிலும் கொடுப்பாள். பக்கத்து வீட்டுக்காரி நான் தலையில் அடித்துக்கொண்டேன். "அவன் உண்மையச் சொல்லுவான்டி" என்றாள். சொல்லத்தான் செய்தார்: "சமையல்ல அவளை அடிச்சுக்க ஆளில்ல. ஆனா சாப்பிட வந்தவங்க முன்னாடியே என்னைக் கஞ்சன்னு சொன்னா." ஒவ்வொரு இடமாகக் கைநழுவிப் போனது.

தீவில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு சமையலறை, துறைமுக விடுதியில். அதுவும் இல்லையென்றால் ஆஸ்லோவில் அக்கா வீட்டுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அக்காவுக்கும் அவளுக்கும் ஆகவே ஆகாது. அவள் போய்விட்டால் இந்தத் தெருவில் என்னைத் திட்டக்கூட ஆளிருக்காது.

வெள்ளிக்கிழமை நானே அவளைக் காரில் அழைத்துப் போனேன். விடுதியை நடத்தும் கௌதே இளவட்டம், பேச்சுக்குப் பேச்சு பல்லைக் காட்டுகிறவன். வெள்ளிக்கிழமையானால் எங்கும் வாஃபிள் என்கிற இனிப்பு அப்பம் சுடுவார்கள். என்னையும் உள்ளே கூப்பிட்டு, பழுப்புச் சீஸ் வைத்து ஆளுக்கு ஒன்று கொடுத்தான். பேசி முடிக்காமல் எதையும் தொடமாட்டேன் என்று துரீத் கையைக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா, உங்க மீன் சூப்பப் பத்தி ஊரே பேசுது. திங்கக்கிழமையே வந்துடுங்க. ஒரே ஒரு சிக்கல்தான்" என்று தலையைச் சொறிந்தான். "ஒட்வார் சொன்னதக் கேட்டா எங்க பெரிய முதலாளி ஒத்துக்க மாட்டார். வேற ஒருத்தர் பேரப் போட்டுடலாம். இதோ, இவங்களே உங்க பழைய முதலாளின்னு வச்சுக்குவோமே?"

விரல் என்னை நோக்கி நீண்டது. நான் காலமெல்லாம் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவள். முட்டைகூட எனக்குச் சரியாக வேகாது. ஆனாலும் வாய் நிறைய வாஃபிளோடு, "ஆமா, பத்து வருஷம் என்கிட்டதான் வேலை பாத்தா. தங்கமான பொண்ணு" என்றேன்.

கௌதே கை தட்டினான். துரீத் அவனை உற்றுப் பார்த்தாள். "சேர்றதுக்கு முன்னாடியே பொய் சொல்லச் சொல்றியே தம்பி, சேர்ந்தப்புறம் நாறின மீன இன்னிக்குப் பிடிச்சதுன்னு போடச் சொல்ல மாட்டியா?"

"ஐயோ அக்கா, அதெல்லாம் எல்லா இடத்துலயும் நடக்கறதுதானே!" என்று சிரித்தான்.

துரீத் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். என் கையில் மிச்சமிருந்த பாதி வாஃபிளைப் பிடுங்கி அவன் தட்டில் வைத்தாள். பிறகு என் கோட்டை எடுத்து வந்து, குழந்தைக்கு மாட்டுவதுபோல் எனக்கு மாட்டிவிட்டு, கழுத்துவரை பித்தானைப் போட்டாள்.