கண்ணாடி பார்க்கும் முன் விழுந்த ஐந்து நட்சத்திரங்கள்

"சார், கரியாஹாட்ல ஒரு சலூன் சந்தேகம்னு ஃபிளாக் ஆயிருக்கு. எல்லாமே ஃபைவ் ஸ்டார், எல்லாமே ஒரே வைஃபைலேர்ந்து. சாயங்காலத்துக்குள்ள ஜெனுயினா ஃபேக்கான்னு அமுக்கிடுங்க. ஃபேக்னா லிஸ்டிங் காலி."

சென்னையிலிருந்து கவிதா. அழகு நிலையங்களைப் பற்றி ஜனங்கள் ஆப்பில் எழுதும் ரிவ்யூக்களில் எது நிஜம், எது காசு வாங்கி எழுதியது என்று பிரிப்பது என் உத்தியோகம். கவிதா எனக்கு டீம் லீட். வயதில் எனக்குப் பாதி, அதிகாரத்தில் இரண்டு மடங்கு.

"துர்கா பூஜை வர்ற நேரம்மா. கடையை இழுத்துப் பூட்டற மாதிரி."

"அதனாலதான் தப்பா அமுக்கிடாதீங்கன்னு சொல்றேன்."

நேரில் போய்ப் பார்க்கவேண்டும் என்று விதி எதுவும் இல்லை. ஆனால் பயம் வந்தால் எனக்கு வீட்டில் கால் தரிக்காது. நான் குடியிருக்கும் பாலிகஞ்சிலிருந்து கரியாஹாட்டுக்குத் தூறலில் நனைந்துகொண்டே நடந்தேன்.

மாடியில் சின்ன இடம். உரிமையாளர் ஷிப்ரா தி என் தலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வங்காள மொழியில் கேட்டார்: "கலர்தானே, தாதா?" இந்த ஊரில் தாதா என்றால் அண்ணன், தி என்றால் அக்கா. வாடிக்கையாளன் வேஷத்தில் வந்தவன் மறுக்க முடியுமா? உட்கார்ந்தேன்.

முதலில் மசாஜ். அந்த விரல்கள் நெற்றிப்பொட்டைத் தொட்டதும் நான் யார், எதற்கு வந்தேன் என்பதெல்லாம் மெல்லக் கரைய ஆரம்பித்தது. ஜன்னலுக்கு வெளியே மழை. கீழே புடவைக்காரர்கள் கூவுவது தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் இருந்தது. எங்கோ ஒரு டிராம் மணி. நான் சின்ன வெள்ளைப் படகில் மல்லாந்து போய்க்கொண்டிருந்தேன். மேலே நட்சத்திரங்கள், ஐந்தைந்தாக.

கண் திறந்தபோது தலை முழுக்கச் சாயம் அப்பியிருந்தது. என் வரிசையில் நாலைந்து பெண்மணிகள், எல்லார் தலையிலும் சாயம், எல்லார் கையிலும் போன். சுவரில் வைஃபை பாஸ்வேர்ட்.

பக்கத்து நாற்காலிப் பெரியம்மாவிடம், இந்த ஊர் வழக்கில் மாஷிமாவிடம், என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டேன்.

"இந்தக் கடையைப் பத்தித்தான். சாயம் பிடிக்கற வரைக்கும் வேற என்னப்பா வேலை?"

ஒரே வைஃபை மர்மம் தீர்ந்தது. எல்லாரும் நிஜ மனுஷர்கள்! அந்த நிம்மதியில் மிதந்தபடி நானும் போனை எடுத்து ஐந்து நட்சத்திரம் கொடுத்தேன். "சொர்க்கம்" என்று வேறு எழுதினேன்.

பிறகு தலையை அலசினார்கள். கண்ணாடியைப் பார்த்தேன். முடி, கறுப்பு ஹெல்மெட் மாட்டியதுபோல் இருந்தது. சரி, போகட்டும். இரண்டு காதும் கறுப்பு.

"ஐயோ, என் காது! ஷிப்ரா தி! காது!"

மாஷிமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "காது கேக்குதில்ல? அப்புறம் எதுக்குக் கத்தற?"

"ரெண்டு மூணு குளியல்ல போயிடும், தாதா" என்றார் ஷிப்ரா தி, பஞ்சால் தேய்த்தபடி.

அப்போதுதான் உறைத்தது. இங்கே ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. ஆனால் எழுதியவர்கள் எல்லாரும் கண்ணாடியைப் பார்க்கும் முன்பே எழுதியிருக்கிறோம்.

நான் யார் என்று சொன்னேன். ஷிப்ரா தி பஞ்சைக் கீழே வைத்தார்.

"காசு கொடுத்து யாரையும் எழுதச் சொல்லல, தாதா. ஆப்புல பேர் இல்லாம போனா இந்த மாடிக்கு எவ ஏறி வருவா? பூஜை சம்பாத்தியத்த நம்பி இங்க வேலை செய்யற மூணு பொண்ணுங்க இருக்காங்க."

படிக்கட்டில் நின்று கவிதாவைக் கூப்பிட்டேன்.

"ஆளுங்க நிஜம்மா. ஆனா சாயம் எப்படி இருக்குன்னு யாருக்கும் தெரியாது. அவங்க எழுதினது மசாஜைப் பத்தி."

"அதுக்குப் பட்டன் இல்ல சார். ரெண்டுதான்."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அந்தப் படிக்கட்டில் படித்த பாடத்தைச் சொல்கிறேன். எத்தனை நட்சத்திரம் என்று எண்ணாதீர்கள். எப்போது எழுதினார்கள் என்று பாருங்கள். நாலு தடவை தலைக்குக் குளித்தபின், ஒரு சின்னக் குறையும் சொல்லி, "மறுபடி போனேன்" என்று ஒருத்தி எழுதியிருந்தால் அதை நம்பலாம். மற்றதெல்லாம் நாற்காலியில் கண்ட கனவு. ஆனால் கனவு கண்டதற்காகக் கடையை மூட முடியாது.

மேலே போய், இனிமேல் இரண்டாவது முறை வருகிறவர்களை மட்டும் எழுதச் சொல்லுங்கள் என்று ஷிப்ரா தியிடம் கேட்டுக்கொண்டேன். தலையாட்டினார். ஒவ்வொன்றாக ஜெனுயின், ஜெனுயின் என்று அமுக்கிக்கொண்டே வந்தேன். கடைசியில் ஒன்று பாக்கி. அதை ஃபேக் என்று அமுக்கினேன்.

உடனே போன். "லிஸ்டிங் இருக்கட்டும் சார், பரவால்ல. அந்த ஒரு ஃபேக் மட்டும் யாரு? 'சொர்க்கம்'னு எழுதியிருக்கே?"

"வேவு பார்க்க வந்த ஆள்மா" என்றேன், காதைத் தேய்த்துக்கொண்டே. "தூங்கிட்டான்."