பட்டமரக்காவும் ரம்பக்காரரும்

தெருவில் எல்லோரும் அவளைப் பட்டமரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சலவைக் கடையில் இஸ்திரி போடுவது அவள் வேலை. பகலெல்லாம் சட்டைகளின் சுருக்கத்தை எடுத்துவிட்டு, விடுமுறை கிடைத்தால் போதும், முறுக்கிக்கொண்டு செத்து நிற்கிற மரமாகப் பார்த்துப் போய் உட்கார்ந்து வரைவாள். பச்சைப்பசேல் என்று நிற்கும் மரத்தை ஏறெடுத்தும் பார்க்க மாட்டாள். "எல்லாம் ஒரே மாதிரி இளிக்குது. செத்த மரத்துக்குத்தான் முகம் இருக்கு" என்பாள்.

நாத்தனார் புது வீட்டுக்குக் குடிபோனபோது, பார்த்துப் பார்த்து வரைந்த படம் ஒன்றைச் சட்டம் போட்டுக் கொண்டுபோனாள். பிரித்துப் பார்த்த நாத்தனாருக்கு முகம் சுண்டிவிட்டது.

"ஏன் அண்ணி, புது வீட்டுக்குப் பட்ட மரத்தையா தூக்கிட்டு வருவாங்க?"

"நல்லாப் பாரு. இடுப்புல கை வெச்சுக்கிட்டு எவ்வளவு ஜம்முன்னு நிக்குது!"

அதுதான் வினையாகப் போயிற்று. நிற்கிற தோரணை அச்சு அசல் தன் மாமியார் என்று நாத்தனாருக்குப் பட்டுவிட்டது. படம் மாடிப்படிக்கு அடியில், துடைப்பத்துக்குத் துணையாகப் போய்ச் சேர்ந்தது.

பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு மரத்தின்மேல் அவளுக்கு ரொம்ப நாளாகக் கண். அடிமரம் பிழிந்து வைத்த துணி மாதிரி திருகியிருக்கும். உச்சிக் கிளை வலப்பக்கம் கிளம்பிப் போய், எதையோ மறந்துவிட்டது போல இடப்பக்கம் திரும்பி வந்திருக்கும். ஒரு விடுமுறை நாளில் கணவரைக் குடை பிடிக்க வைத்து, எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தாள். பென்சில் கோடு முடிந்து சாயத்தைக் குழைக்கும் நேரத்தில் ஒரு வண்டி வந்து நின்றது. ஏணி, கயிறு, ரம்பம், நல்ல கனமான ஒரு ஆள்.

"கொஞ்சம் நகருங்கம்மா. இதை வெட்டணும். யார் தலையிலயாவது விழுந்துடும்."

"வேணாங்கல. வரைஞ்சு முடிச்சதும் வெட்டுங்க."

"எப்போ முடியும்?"

கணவர் முந்திக்கொண்டார். "அதை மட்டும் கேக்காதீங்க சார். எங்க வீட்டுச் சமையலறைச் சுவத்துல ஒரு மரம் இன்னும் பாதியில நிக்குது."

அவள் அவரை ஒரு முறை முறைத்துவிட்டு, ரம்பக்காரரிடம் சொன்னாள்: "நீங்க உச்சியிலேருந்துதானே வெட்டிட்டு வருவீங்க? நானும் அங்கேருந்தே வரைஞ்சுட்டு வர்றேன். நான் ஆச்சுன்னதும் அந்தக் கிளையை வெட்டுங்க."

ரம்பக்காரர் தலையைச் சொறிந்தார். சரி என்று ஏறினார்.

"அம்மா, இந்த வளைஞ்சது ஆச்சா?"

"நிழல் போடல, இருங்க!"

"நிழலை வீட்டுல போட்டுக்கலாமே!"

"வீட்டுல வெயில் இப்படியா விழும்?"

அவர் ரம்பத்தை மடியில் வைத்துக்கொண்டு கிளையிலேயே உட்கார்ந்துவிட்டார். வேடிக்கை பார்க்க நின்றவர்கள் வந்த பேருந்தையெல்லாம் விட்டார்கள். ஒருவர் பழுப்பு போதாது என்றார். இன்னொருவர் ஜாஸ்தி என்றார். இரண்டு பேருக்கும் அதிலேயே வாய்த்தகராறு.

கடைசியில் மொட்டை அடிமரம் மட்டும் மிஞ்ச, ரம்பக்காரர் இறங்கி வந்து படத்தை எட்டிப் பார்த்தார். கிளைமேல் அவரும் இருந்தார்.

"எனக்குத் தொப்பை இவ்வளவா இருக்கு?"

"மரத்தோட வளைவுக்கு அது ஒத்துப்போச்சுங்க. எடுத்தா படம் ஒரு பக்கமா சாஞ்சுடும்."

அவர் தள்ளி நின்று பார்த்தார், கிட்ட வந்து பார்த்தார். "அப்போ இருக்கட்டும்" என்றார்.

அடிமரத்தில் ரம்பம் இறங்கியபோது மட்டும் அவள் தூரிகையைக் கழுவுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதைக் கவனித்தவர் போலத்தான் போகும்போது அவர் அவளுடைய போன் நம்பரை வாங்கிக்கொண்டார்.

இப்போதெல்லாம் எந்த மரத்துக்கு ரம்பம் போவதாக இருந்தாலும் முந்தின நாளே சலவைக் கடைக்கு போன் வந்துவிடுகிறது. இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு எடுப்பாள்.

"முழுசாப் பட்டுப்போச்சா?"

"ஒரு பக்கம் இன்னும் கொஞ்சம் இலை இருக்கும்மா."

"அப்போ எனக்கு வேணாம். அதை வெட்டாம விடுங்க. உதிரட்டும், வர்றேன்."